உயிரைப் பேணுதல்: ரங்கூனில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் கோயில் மண்டபத்தில் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு நடக்கும். அவர்களைக் கூட்டிக்கொண்டு வரும் பெரியவர்கள் ஒன்றரை மணி நேரம் தூணில் சாய்ந்து கொட்டாவி விடுவதைப் பார்த்துத்தான் இந்தப் பேச்சு ஆரம்பமானது. நான் வாத்தியார் இல்லை. முப்பது வருடம் பருப்பு ஏற்றுமதிக் கடையில் கணக்கு எழுதியவன். படிக்கிற பழக்கம் கொஞ்சம் உண்டு, அவ்வளவுதான். ஆனாலும் பர்மிய வழக்கப்படி என்னை ‘ஸயா’, அதாவது வாத்தியார், என்று கூப்பிடுகிறார்கள், நானும் தடுக்கவில்லை.

கேள்விகள் மட்டும் மாறவே மாட்டேன் என்கின்றன. ஆகவே கேட்டவர்கள் கேட்டபடியே எழுதிவிட்டேன். இதை எஃப்ஏகியூ என்பார்களாம். எங்கள் தொழிலில் எஸ்கியூ உளுந்து என்றால் விசேஷத் தரம், எஃப்ஏகியூ என்றால் அதற்குக் கீழே, சுமார் ரகம். என் பதில்களும் அந்த ரகம்தான்.

“உயிரைப் பேணுறதுன்னா என்ன ஸயா? சாமி கும்பிடுறதா?”

சாமி கும்பிடுவது அதில் சேரலாம், சேராமலும் போகலாம். உடம்பைப் பேணத் தெரியும்: காய்ச்சல் வந்தால் மாத்திரை, சர்க்கரை ஏறினால் நடை. பொருளைப் பேணவும் தெரியும்: கதவைப் பூட்டுகிறோம், காலையில் எழுந்ததும் தங்க விலை கேட்கிறோம். கோபம், பொறாமை, பயம், நேர்மை, ஆசை எல்லாம் குடியிருக்கிற இடம் ஒன்று நமக்குள் இருக்கிறதே, அது எந்த லட்சணத்தில் இருக்கிறது என்று எப்போதாவது போய்ப் பார்க்கிறோமா? போய்ப் பார்ப்பதும், பழுது இருந்தால் சரிசெய்வதும்தான் உயிரைப் பேணுதல்.

ரங்கூன்காரர்களுக்கு இதைச் சொல்வது சுலபம். மழை முடிந்ததும் சுவரெல்லாம் கறுப்பாகப் பூசணம். சுரண்டிச் சுண்ணாம்பு அடிக்கிறோம். அடுத்த மழைக்கு மறுபடி வரும் என்று தெரிந்தும் அடிக்கிறோம்.

“இந்தப் பேச்சை முதல்ல ஆரம்பிச்சது யாரு?”

நம் பக்கத்தில் புத்தர், மகாவீரர், உபநிடத முனிவர்கள் என்று பலர். ஆனால் ‘பணத்தையும் பெயரையும் தேடி ஓடுகிறாயே, உன் உயிர் நன்றாக இருக்கிறதா என்று கவலைப்பட்டாயா?’ என்று தெருவில் ஆளை நிறுத்திக் கேட்டவர் என்றால் ஏதென்ஸ் நகரத்து சாக்ரடீஸ்தான். கி.மு. 399இல், எழுபது வயதில், அவர்மேல் வழக்குப் போட்டார்கள். ஊர்ச் சாமிகளை மதிக்கவில்லை, இளைஞர்களைக் கெடுக்கிறார் என்று குற்றச்சாட்டு. முப்பது ஓட்டு மாறி விழுந்திருந்தால் விடுதலை. விழவில்லை, விஷம் குடித்து இறந்தார்.

அவர் ஒரு வரி எழுதி வைத்ததில்லை. அன்று நீதிமன்றத்தில் அவர் பேசியதாக நமக்குக் கிடைப்பது மாணவர் பிளேட்டோ எழுதியது. கீழே நான் சொல்லும் சாக்ரடீஸ் கதைகள் எல்லாம் பிளேட்டோ சொன்னவை.

“உயிர், ஆன்மா, மனசு, நெஞ்சு. இதுல நீங்க எதைச் சொல்றீங்க?”

‘உயிர்’ என்றே வைத்துக்கொள்வோம். ‘ஆன்மா’ என்றதும் மறுபிறவி, முக்தி என்று பேச்சு வேறு திசைக்குப் போய்விடும், மதியச் சாப்பாடு வரை திரும்பாது. ‘மனசு’ என்றால் இன்றைக்கு இருக்கும், நாளைக்கு மாறும். தமிழில் உயிர்த்தல் என்றால் மூச்சு விடுதல். கிரேக்கத்தில் இதற்குச் சொல் ‘ப்ஸுகே’. அதற்கும் மூச்சு என்றுதான் ஆதிப் பொருள். வள்ளுவரும் “ஏதிலார் குற்றம்போல் தங்குற்றங் காண்கிற்பின் தீதுண்டோ மன்னும் உயிர்க்கு” என்று உயிரைத்தான் சொன்னார். ஊரான் குற்றத்தைப் பார்க்கிற கண்ணால் தன் குற்றத்தைப் பார்த்தால் உயிருக்குக் கேடில்லை.

ப்ஸுகேக்கு இன்னொரு பொருள் பட்டாம்பூச்சி. இதை முதலில் படித்தபோது நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். ஏனென்றால் பர்மிய மொழியிலும் ‘லெய்ப்பியா’ என்றால் பட்டாம்பூச்சி, மனிதனுக்குள் இருக்கும் உயிரும் அதுதான். திடீரென்று பயந்தால் லெய்ப்பியா பறந்துவிடும் என்பது இங்கே பழைய நம்பிக்கை. தப்புச் செய்துவிட்டு உள்ளுக்குள் குறுகுறுக்கிறவனை ‘லெய்ப்பியா ம லோன்’ என்பார்கள், அவன் பட்டாம்பூச்சிக்குப் பத்திரமில்லை என்கிற மாதிரி. நாம் மனசாட்சி உறுத்துகிறது என்கிறோமே, அதேதான். நான் பேணச் சொல்வது இந்தப் பூச்சியைத்தான்.

“எதிர்வீட்டு பர்மாக்காரர் ஆன்மாவே இல்லைங்கிறாரே. இல்லாததை எப்படிப் பேணுறது?”

வாராவாரம் வருகிற கேள்வி. பதிலும் இங்கேதான் கிடைக்கிறது. ‘மிலிந்த பன்ஹா’ என்று ஒரு பாலி நூல். பர்மிய திரிபிடகத்தில் அதைச் சேர்த்தே வைத்திருக்கிறார்கள். மிலிந்தன் என்பவன் வடமேற்கு இந்தியாவை ஆண்ட கிரேக்க அரசன், மெனாண்டர். சாக்ரடீஸின் ஜாதிக்காரன் என்று வேடிக்கையாகச் சொல்லலாம். அவன் நாகசேனர் என்ற பிக்குவிடம் வாதுக்கு வருகிறான். ‘எதில் வந்தீர்கள்?’ என்கிறார் பிக்கு. ‘தேரில்.’ ‘அச்சாணி தேரா? சக்கரம் தேரா? நுகத்தடி தேரா?’ எதுவும் இல்லை. எல்லாம் சேர்ந்திருப்பதற்குத் தேர் என்று பெயர், அவ்வளவே. மனிதனும் அப்படித்தான் என்கிறார். எதிர்வீட்டுக்காரர் சொல்வது இதுதான்: உள்ளே மாறாத ஒரு மணி உருண்டுகொண்டிருக்கவில்லை.

சரி, அப்படியென்றால் நேற்றுத் திருடியவன் வேறு, இன்றைக்கு மாட்டிக்கொண்டவன் வேறு என்று தப்பிக்கலாமா? அதே நூலில் மாம்பழத் திருடன் வருகிறான். ‘இவர் நட்டது வேறு, நான் பறித்தது வேறு, ஆகவே குற்றமில்லை’ என்கிறான். அரசனே ஒத்துக்கொள்ளவில்லை: நட்டதிலிருந்து வந்ததுதானே பறித்த பழம்? ஆக, ஆன்மா இல்லை என்பவர்களும் கணக்கைக் கிழித்துப் போடவில்லை. தேர் வெறும் பெயர்தான் என்றாலும் அச்சுக்கு எண்ணெய் விடாமல் இருக்க முடியாது.

சைவர்கள் உயிர் உண்டு என்பார்கள், பௌத்தர்கள் இல்லை என்பார்கள். இந்த வழக்கு நம் காலத்தில் தீராது. அந்த பர்மிய ஐயா மாலையில் வீட்டு வாசல் மண்பானையில் வழிப்போக்கருக்குத் தண்ணீர் நிரப்பும்போது மேல்தண்ணீரை மட்டும் ஊற்றிவிட்டுப் போவதில்லை, பானையைக் கவிழ்த்துக் கழுவிவிட்டு நிரப்புகிறார். எனக்கு அது போதும்.

“நல்ல வாழ்க்கைன்னா சந்தோஷமா இருக்கிறதுதானே?”

சாவு வீட்டில் நாம் பேசுவதைக் கவனியுங்கள். ‘சந்தோஷமா இருந்த மனுஷன்’ என்று யாரும் சொல்வதில்லை. ‘நல்லா வாழ்ந்த மனுஷன்’ என்கிறோம். அரிஸ்டாட்டில் ‘யூடைமோனியா’ என்று சொன்னதும் கிட்டத்தட்ட இதைத்தான். ஒரு நாளோ ஒரு வேளையோ வந்து போகிற உணர்ச்சி இல்லை அது. முழு ஆயுளையும் வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு தகைவிலான் குருவி வந்ததும் வசந்தம் வந்துவிட்டதாகாது என்றார். நேர்மையான காரியத்தைச் செய்து செய்துதான் ஒருவன் நேர்மையாளன் ஆகிறான் என்பதும் அவர் சொன்னதே. வீணை வாசித்து வீணை பழகுவது போல.

இன்பமே குறிக்கோள் என்று சொன்னவரும் உண்டு, எபிக்யூரஸ். ஏதென்ஸில் ஒரு தோட்டத்தில் நண்பர்களோடு இருந்தார். குடி, கூத்து என்று நினைத்துவிடாதீர்கள். ரொட்டியும் தண்ணீரும் அவருக்குப் போதும். ‘ஒரு சின்னப் பானை சீஸ் அனுப்பு, விருந்து சாப்பிட ஆசை வந்தால் உதவும்’ என்று நண்பருக்கு எழுதினார். காலையில் ஒரு கிண்ணம் மொஹிங்கா என்ற மீன்குழம்பு நூடுல்ஸும் பேச ஒரு ஆளும் இருந்தால் போதும் என்கிற ரங்கூன் கிழவர்கள் அவர் கட்சிதான்.

“பசிக்கிற வயித்துக்கு இதெல்லாம் எதுக்கு அண்ணே? கரண்ட் இல்ல, வேலை இல்ல, பையனை எங்க அனுப்புறதுன்னு தெரியல.”

உண்மை. தம்மபதத்தில் பசியே பெரிய நோய் என்று ஒரு வரி வருகிறது. அதற்கு உரைக்கதை: ஆளவி என்ற ஊரில் புத்தர் பேச உட்கார்ந்திருக்கிறார். ஒரு ஏழை உழவன் தொலைந்த மாட்டைத் தேடி அலைந்துவிட்டு, களைத்துப்போய், தாமதமாக வந்து சேர்கிறான். புத்தர் முதலில் அவனுக்குச் சோறு போடச் சொன்னார். அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை பேச்சை ஆரம்பிக்கவே இல்லை. பசித்தவனுக்கு உபதேசம் பண்ணுகிறவனை நான் நம்புவதில்லை.

ஆனால் வசதி வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பதும் சரியில்லை. எபிக்டெட்டஸ் என்ற கிரேக்க ஞானி அடிமையாக இருந்தவர், கால் ஊனம். நம் கையில் உள்ளது எது, இல்லாதது எது என்று பிரித்துப் பார் என்பது அவர் பாடம். மின்சாரம் நம் கையில் இல்லை. மின்சாரம் போன எரிச்சலை வீட்டுக்காரி மேல் கொட்டுவது நம் கையில் இருக்கிறது. இதைச் சொன்னபோது பின்வரிசையில் இருந்த அம்மா ஒருவர் சத்தமாகச் சிரித்தார். அவர் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை.

“விபாசனா தியானத்துக்குப் பத்து நாள் போயிட்டு வந்தா சரியாயிடுமா?”

போய் வந்தவர்கள் நல்லது என்கிறார்கள். நானும் ஒரு முறை போனேன். முதல் மூன்று நாள் முதுகுவலியைத் தவிர வேறெதையும் கவனிக்க முடியவில்லை. இந்த முறையை உலகமெங்கும் கொண்டுபோன கோயங்கா மாண்டலேயில் 1924இல் பிறந்த இந்திய வியாபாரி. ஒற்றைத் தலைவலி தாங்காமல் சயாஜி ஊ பா கின்னிடம் போனார். தலைவலிக்காக என்றால் வர வேண்டாம் என்று அவர் முதலில் திருப்பி அனுப்பிவிட்டதாகக் கோயங்காவே சொல்லியிருக்கிறார். மருந்துக்கடை இல்லை இது.

எனக்கு ஊ பா கின்னைப் பிடிக்கக் காரணம் வேறு. அவர் துறவி இல்லை. சுதந்திர பர்மாவின் முதல் தலைமைக் கணக்காளர். ஆபீசிலேயே ஊழியர்களுக்குத் தியானம் சொல்லிக்கொடுத்தார். 1952இல் ரங்கூனில் தியான மையமும் வைத்தார். கணக்குப் புத்தகத்தையும் கண்மூடலையும் ஒரே மேஜையில் வைத்த மனிதர். பத்து நாள் முடிந்து மறுநாள் காலை கடைக்குப் போய்த் தராசைத் தொடும்போதுதான் பலன் தெரியும்.

“தீமிதி, காவடி, நேர்த்திக்கடன் எல்லாம் வேண்டாங்கிறீங்களா?”

நான் ஏன் வேண்டாம் என்கிறேன்? என் அம்மா எனக்காகப் பூக்குழி இறங்கியவள். ஆனால் ‘நீ இதைக் கொடு, நான் அதைக் கொடுக்கிறேன்’ என்று கேட்பதற்கு சாக்ரடீஸ் ஒரு பெயர் வைத்தார்: தெய்வத்தோடு வியாபாரம். “மனத்துக்கண் மாசிலன் ஆதல் அனைத்தறன், ஆகுல நீர பிற” என்று வள்ளுவர் இன்னும் கடுமையாகவே சொல்லிவிட்டார். மனசு அழுக்காக இருந்தால் மற்றதெல்லாம் வெறும் ஆரவாரம். நாற்பது நாள் விரதத்தில் ஒரு நாளாவது பேசாத தம்பியோடு பேசியிருந்தால் அந்த விரதத்துக்கு என் ஓட்டு உண்டு.

“தினமும் என்ன செய்யணும்? சுருக்கமா சொல்லுங்க.”

செனக்கா என்ற ரோமானியர் செய்ததைச் சொல்கிறேன். ராத்திரி விளக்கை எடுத்த பிறகு, மனைவியும் இவர் வழக்கம் தெரிந்து பேசாமல் இருக்க, அன்றைய நாளை முழுக்கத் திருப்பிப் பார்ப்பார். எதையும் ஒளிக்கமாட்டார். ‘அந்த ஆளிடம் தேவைக்கு மேல் சூடாகப் பேசிவிட்டாய். இனிமேல் பேசாதே. இந்த முறை மன்னித்தேன்’ என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு தூங்கிவிடுவார். பேரேடு அன்றன்றைக்கு எழுதினால் பத்து நிமிஷம், வருஷக் கடைசியில் எழுதினால் பத்து ராத்திரி. கணக்கெழுதிய எவனுக்கும் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

செனக்கா பெரும் பணக்காரர், நீரோ மன்னனுக்கு ஆலோசகர். சொன்னபடி வாழ்ந்தாரா என்று அன்றே கேட்டவர்கள் உண்டு. கேட்க வேண்டியதுதான். யோசனை மட்டும் நல்ல யோசனை.

“கெட்டவன்தானே நல்லா இருக்கான்? நல்லவனுக்குத்தானே நஷ்டம்?”

பொறாமைக்காரனுக்குச் செல்வமும் நல்லவனுக்குக் கேடும் வந்தால் அது ஏன் என்று யோசித்துப் பார்க்க வேண்டிய விஷயம் என்பது குறள். வள்ளுவர் அங்கே விடை சொல்லவில்லை. அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும். ‘அடுத்த பிறவியில் அனுபவிப்பான்’ என்று சட்டென்று தள்ளிவிடவில்லை.

எபிக்டெட்டஸ் வீட்டில் சாமி விளக்கு திருட்டுப்போன கதை இருக்கிறது. இரும்பு விளக்கு. சத்தம் கேட்டு இறங்கி ஓடி வந்தார், விளக்கைக் காணோம். திருடியவனுக்கும் விளக்குமேல் ஆசை வந்திருக்கிறது, நாளைக்கு மண் விளக்கு வாங்கிக்கொள்வோம் என்று விட்டுவிட்டார். அப்புறம் இன்னோரிடத்தில் இதையே வேறு மாதிரி சொல்கிறார்: அவன் ஒரு விளக்குக்காகத் திருடன் ஆனான், அவன் கொடுத்த விலை அது. என் மாதிரி ஆளுக்கு இது வியாபாரக் கணக்காகவே புரிகிறது. பொருள் என்ன விலைக்கு வந்தது என்று பார்க்காமல் லாபம் என்று எழுத முடியாது. கெட்டவன் வீட்டில் இருப்பதை நாம் பார்க்கிறோம், வாங்கிய விலைச் சீட்டு அவனிடம் இருக்கிறது.

“சட்டப்படி செஞ்சது எப்படித் தப்பாகும்?”

இது எங்கள் பர்மாத் தமிழர் தொண்டையில் நிற்கிற முள். நகரத்தார் கடன் இல்லாமல் ஐராவதி டெல்டா அவ்வளவு சீக்கிரம் நெல்வயல் ஆகியிருக்காது. அவர்களுக்கு வேண்டியது வட்டி, நிலம் இல்லை. ஆனால் 1930இல் நெல் விலை விழுந்தது. உழவர்களால் கட்ட முடியவில்லை. அடமானப் பத்திரம் பேசியது. நெல் விளையும் 13 முக்கிய மாவட்டங்களில் அவர்கள் கையில் 1930இல் சுமார் 6 சதவீதமாக இருந்த நிலம், 1937 வாக்கில் 25 சதவீதம். ஒவ்வொரு கையெழுத்தும் சட்டப்படி செல்லும். அதன் பின்னாலேயே வெறுப்பும் வந்தது, 1942இல் ஜப்பான் படை வந்தபோது நம்மவர்கள் பலர் நடந்தே இந்தியா போனார்கள், 1948இல் நில நாட்டுடைமைச் சட்டம் வந்தது.

இதில் குற்றவாளி யார் என்று தீர்ப்புச் சொல்ல எனக்குத் துணிவில்லை. அந்தப் பதிவுகளை எழுதிய கணக்குப்பிள்ளையை நினைத்துக்கொள்வேன். மரக்கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ‘நிலம் கைவசம்’ என்று எழுதிவிட்டு நிமிர்ந்தால் எதிரே கடனாளி நிற்கிறான். சட்டம் பத்திரத்தைப் பார்க்கும். எதிரே நிற்கிறவனின் முகத்தைப் பார்ப்பது லெய்ப்பியா.

“முதலாளி சொன்னதைச் செஞ்சா அது என் கணக்கா, அவர் கணக்கா?”

ஏதென்ஸில் முப்பது பேர் கும்பலாக ஆட்சியைப் பிடித்த காலம். சாக்ரடீஸோடு சேர்த்து ஐந்து பேரைக் கூப்பிட்டு, சலாமிஸ் தீவிலிருந்து லியோன் என்பவரைப் பிடித்துவரச் சொன்னார்கள், கொல்வதற்கு. நான்கு பேர் கிளம்பிப் போய்ப் பிடித்துவந்தார்கள். சாக்ரடீஸ் வெளியே வந்தார், நேரே வீட்டுக்கு நடந்தார். கோஷம் போடவில்லை, வாளும் எடுக்கவில்லை. அந்த ஆட்சி சீக்கிரமே கவிழ்ந்திராவிட்டால் இதற்காகவே தலை போயிருக்கும் என்று பிறகு சொன்னார்.

எல்லாராலும் வீட்டுக்கு நடந்துவிட முடியாது. பிள்ளைகுட்டிக்காரனுக்குக் கால் வராது. அதற்காகக் கணக்கு முதலாளி பேருக்கு மாறாது. மாம்பழத் திருடன் பதில்தான் இங்கேயும்.

“உங்களுக்கு இது பலிச்சுதா ஸயா?”

பதினாறு வயதுப் பெண் கேட்டாள், பெரியவர்கள் யாரும் கேட்காததை. சொன்னேன். ஒரு மழைக்காலம், கிடங்குக் கூரை ஒழுகி உளுந்து மூட்டைகள் நனைந்துவிட்டன. காயவைத்து, நல்ல மூட்டைகளை முன்வரிசையில் அடுக்கினோம். கையை உள்ளே விட்டால் வெதுவெதுப்பாக இருக்கும், புளித்த வாடை வரும். முதலாளி எஸ்கியூ என்று எழுதச் சொன்னார். எழுதினேன். என் கையெழுத்து அழகாக இருக்கும் என்று பெயர். சரக்கு தமிழ்நாட்டுக்குப் போனது. வாங்கியவர் சின்ன வியாபாரி.

பல வருடம் கழித்து, முதலாளி காலமான பிறகு, அந்த வியாபாரிக்குக் கடிதம் எழுதினேன். முகவரியில் ஆள் இல்லை என்று திரும்பி வந்தது. பிரிக்கவில்லை, பெட்டியில் இருக்கிறது. உள்ளே என்ன எழுதியிருந்தீர்கள் என்றாள் அந்தப் பெண். லாட் எண், மூட்டை எண்ணிக்கை, தேதி, கடைசியில் ‘சரக்கு எஃப்ஏகியூகூட இல்லை’ என்று. வேறு என்ன எழுதுவது என்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.